முதுமாணிக்குப் போகும்போது கையில் ஒரு வகுப்பு இருக்கட்டும்

கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் நிலாவெளிப் பக்கமிருந்தும் இளம் ஆசிரியர்கள் என்னிடம் ஒரே கேள்வியோடு வருவார்கள். "அக்கா, இரண்டாம் மொழி கற்பித்தலில மாஸ்டர்ஸ் செய்யப்போறன். எங்க செய்யிறது நல்லம்? எவ்வளவு முடியும்?" பதில் சொல்லுமுன் நான் ஒன்று கேட்பேன்: "இப்ப ஆருக்குப் படிப்பிக்கிறீங்கள்?" சிலர் ஒரு பாடசாலையின் பெயரைச் சொல்வார்கள். சிலர், "இப்ப ஒண்டுமில்லையக்கா, படிச்சு முடிச்சிட்டுத்தான் தேடவேணும்" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களிடம் விண்ணப்பப் படிவத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, முதலில் ஒரு வகுப்பைப் பிடிக்கச் சொல்வேன். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கோயில் மண்டபத்தில் சில பிள்ளைகள் என்றாலும் சரி, அயல்வீட்டு விறாந்தையில் நாலு பேர் என்றாலும் சரி.

நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அந்த இரண்டு வருடப் படிப்பில் எனக்கு உண்மையாகப் பயன்பட்டவை எல்லாம் என் வகுப்புகளில் பரிசோதித்துப் பார்த்தவை என்பதுதான். பரிசோதிக்க வாய்ப்பில்லாமல் பரீட்சைக்காக மனனம் செய்தவை இன்று பெயரளவில்கூட நினைவில் இல்லை.

நான் திருகோணமலை நகரத்தில் ஓர் அரசாங்கப் பாடசாலையில் ஆங்கில ஆசிரியை. வார நாட்களில் சில மாலைகளில், சிங்களம் பேசும் அரச உத்தியோகத்தர்களுக்குத் தமிழ் படிப்பிக்கிறேன். தாதிமார், பொலிஸ்காரர், பிரதேச செயலகத்தில் வேலை செய்பவர்கள் வருவார்கள். ஆக என்னிடம் இரண்டு வகுப்புகள். ஒன்றில் எனக்கே இரண்டாம் மொழியான ஆங்கிலத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். மற்றதில் என் தாய்மொழியை அந்த மொழி தெரியாத பெரியவர்களுக்குக் கொடுக்கிறேன். நான் செய்த முதுமாணி ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதைப் பற்றியது. ஆனால் அதனால் கூடுதலாக மாறியது என் தமிழ் வகுப்புத்தான்.

இந்த மாவட்டத்தில் கச்சேரிக்கு (மாவட்டச் செயலகத்துக்கு) போனாலும், ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வங்கிக்குப் போனாலும் அங்கே யாரோ ஒருவர் தன் இரண்டாம் மொழியில் திணறிக்கொண்டிருப்பார். பல நேரம் அது நம் ஆட்களாகவே இருக்கும். 1987இல் வந்த அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது, ஆங்கிலத்தை இணைப்பு மொழியாக்கியது. 2007 ஜூலை 1 தொடக்கம் அரச சேவையில் சேர்பவர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற அரச கரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று 07/2007 சுற்றறிக்கை சொன்னது. அதே வருடம் தேசிய மொழிக் கல்வி, பயிற்சி நிறுவகத்துக்கான சட்டமும் வந்து, அந்த நிறுவகம் அகலவத்தையில் இயங்குகிறது. சட்டமும் மொழித் தேர்ச்சிப் பரீட்சையும் கொடுப்பனவும் இருக்கின்றன. ஆனால் தமிழை வேற்றுமொழிக்காரருக்குப் படிப்பிக்கப் பயின்ற ஆட்கள் மிகக் குறைவு. தமிழில் சிறப்புப் பட்டம் பெற்றவர்கள் இலக்கணத்தையும் இலக்கியத்தையும் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். மூன்று மாதம் வகுப்புக்கு வந்த ஒரு தாதியால் நோயாளியிடம் "எங்க நோகுது?" என்று கேட்க முடியவில்லை என்றால், அந்த மூன்று மாதமும் போனதுதான். அதனால்தான் ஆங்கிலம் என்ற பெயரில் கிடைக்கும் இந்தப் படிப்பைத் தமிழ் படிப்பிக்க நினைப்பவர்களும் எடுக்கவேண்டும் என்று சொல்கிறேன்.

எந்தப் படிப்பு என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் இங்கேதான் காசை விடுகிறார்கள். ஒரு நாளும் வகுப்பறையில் நின்றிராதவர்களுக்கு முதுமாணியைவிட ஒரு நல்ல ஆரம்பச் சான்றிதழ் உதவும். கேம்பிரிட்ஜின் செல்டா அப்படிப்பட்டது. ஏறக்குறைய 120 மணி நேரக் கற்கை, அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு முன்னால் நின்று படிப்பிக்கவேண்டும். பயிற்றுநர் பின்வரிசையில் இருந்து பார்த்துக் குறிப்பெடுப்பார். கட்டணம் கூட, ஆனால் அந்த ஆறு மணி நேரம் பெறுமதியானது. ஏற்கெனவே ஆசிரியராக இருப்பவர்கள் பட்டப்பின் டிப்ளோமாவையோ முதுமாணியையோ பார்க்கலாம். நாவலையில் உள்ள திறந்த பல்கலைக்கழகம், கொழும்பு, களனி என்று இடங்கள் உண்டு. மொழியியல் பக்கம் ஆழமாகப் போக விரும்புபவர்கள் களனியைத் தனியாக விசாரியுங்கள், அங்கே மொழியியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது.

விசாரிக்கும்போது இரண்டு விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். முதலாவது, அந்த முதுமாணி இலங்கைத் தகைமைக் கட்டமைப்பில் எந்த மட்டம் என்பது. பட்டப்பின் டிப்ளோமா 8ஆம் மட்டம். பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், குறைந்தது 30 கிரெடிட். ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். பெயர்ப் பலகையில் இரண்டும் "மாஸ்டர்ஸ்" என்றுதான் இருக்கும். பின்னாளில் ஆய்வுப் பட்டத்துக்குப் போகும் எண்ணம் இருந்தால் இந்த வித்தியாசம் உங்கள் கதவைத் திறக்கும் அல்லது அடைக்கும். இரண்டாவது, கற்பித்தற் பயிற்சி இருக்கிறதா, அதை யார் வந்து பார்ப்பார்கள் என்பது. வெளிநாட்டு ஒரு வருட முதுமாணிகளில்கூட, வகுப்பறையைக் கண்ணால் காணாமலே முடித்துவிடக்கூடியவை இருக்கின்றன. விளம்பரத் தாளைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முன்பு படித்த ஒருவரைத் தேடிப்பிடித்துக் கேட்பதுதான் வழி.

திருகோணமலையிலிருந்து வார இறுதி வகுப்புக்குக் கொழும்பு போவது சுலபமில்லை. வெள்ளி இரவு ரயில் ஏறினால் கந்தளாய், கல்லோயா சந்தி, மாகோ என்று விடிய விடிய ஓடும். வீட்டில் சிறு பிள்ளைகள் இருப்பவர்களுக்கு இது பெரிய பாரம். அம்மாவோ மாமியோ துணை நிற்காமல் பெண்கள் இதைச் செய்து முடிப்பது மிகக் கஷ்டம் என்பதை நான் ஒளிக்க விரும்பவில்லை. விரிவுரைகளை இணையவழியில் நடத்தும் கற்கைநெறி கிடைத்தால் தயங்காமல் எடுங்கள். ஆனால் நம் பக்கத்து ஆட்கள் இரண்டு பேராவது சேர்ந்து சேருங்கள். ஒப்படை எழுதும் இரவுகளில் தமிழில் பேசி விளங்கிக்கொள்ள ஒரு தோழி இருந்ததால்தான் நான் தாக்குப்பிடித்தேன். ஆங்கிலத்தில் வாசித்ததைத் தமிழில் ஒருவருக்கு விளங்கப்படுத்த முடிந்தால் அது உங்களுக்குள் இறங்கிவிட்டது என்று நம்பலாம்.

வாசிப்பைப் பற்றி ஒரு பழக்கம். எந்தக் கட்டுரையைத் திறந்தாலும், முடிவுரைக்குப் போகுமுன் ஓரத்தில் மூன்று கேள்விக்குப் பதில் எழுதுவேன். இந்த வகுப்பில் இருந்தது யார்? அவர்கள் எந்த மொழியை, எதற்காகப் படித்தார்கள்? வகுப்புக்கு வெளியே அந்த மொழி அவர்கள் காதில் விழுந்ததா? மொழி கற்றல் ஆய்வாளர் கிராஷன் 1980களில் எழுதியவற்றைப் படிக்கும்போது மூன்றாவது கேள்வி மிக முக்கியம். விளங்கக்கூடிய மொழி, இருக்கும் நிலைக்குச் சற்று மேலானதாக, ஏராளமாகக் கிடைத்தால் மொழி தானாக வளரும் என்கிறார் அவர். என் தமிழ் வகுப்புத் தாதிக்கு வார்டில் நாள் முழுக்கத் தமிழ் காதில் விழுகிறது. என் பாடசாலைப் பிள்ளைக்கு மணி அடித்த பிறகு ஆங்கிலம் ஒரு சொல்லும் விழுவதில்லை. ஆகவே ஒரே ஆலோசனை இரண்டு வகுப்புக்கும் ஒரே மாதிரிப் பொருந்தாது. பிள்ளைகளுக்கு நான் கதை வாசித்துக் காட்டும் நேரத்தைக் கூட்டினேன். தாதிமாருக்கோ, வார்டில் கேட்டு விளங்காத வசனங்களைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன்.

அந்தக் குறிப்புகள்தான் என் தமிழ் வகுப்பின் பாடப்புத்தகமாகின.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முதுமாணியில் "தேவைப் பகுப்பாய்வு" என்று ஒரு பகுதி வரும். குறித்த தொழிலுக்காக மொழி படிப்பவர், அந்தத் தொழிலில் யாரோடு, எங்கே, எதற்காகப் பேசவேண்டியிருக்கிறது என்பதை முதலில் அறிந்து, அதற்குப் பிறகே பாடத்திட்டம் வரைவது. நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். தாதிமார் கொண்டுவந்த தாள்களில் சிங்கள எழுத்தில் தமிழ் ஒலி எழுதியிருந்தது. அவற்றை வாசித்து வாசித்து, நாங்கள் கரும்பலகையில் எழுதியவை இவை: "தலை சுத்துது", "சத்தி வரப்பாக்குது", "வயித்தால போகுது", "மேலெல்லாம் உளையுது", "ராவெல்லாம் இளைப்பு", "நெஞ்சுக்க என்னவோ செய்யுது". இவற்றில் ஒன்றுகூட அவர்கள் கையில் இருந்த பயிற்சிப் புத்தகத்தில் அந்த வடிவத்தில் இல்லை. அங்கே "எனக்குத் தலைச்சுற்று ஏற்படுகின்றது" என்றிருந்தது. கிளினிக்கில் யாரும் அப்படிச் சொல்வதில்லை.

மூதூரிலிருந்து வரும் ஒரு வயதான உம்மாவும் நகரத்திலிருந்து வரும் ஒரு ஆச்சியும் ஒரே வருத்தத்தை ஒரே மாதிரிச் சொல்லமாட்டார்கள். வாப்பா, உம்மா, ராத்தா, நானா என்ற முறைகளும், அப்பா, அம்மா, அக்கா, அண்ணா என்ற முறைகளும் இரண்டும் தாதிக்குத் தெரியவேண்டும். "ஆரோட வந்தனீங்க?" என்று கேட்டால், "ராத்தாவோட" என்று வரும் பதில் விளங்கவேண்டும். எங்கள் மாவட்டத்தில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் பெருந்தொகை. அவர்களுடைய தமிழை விட்டுவிட்டு ஒரு "பொதுத் தமிழை" மட்டும் படிப்பித்தால், ஆஸ்பத்திரி வரிசையில் நிற்கும் பெரும் பகுதியினருக்கு அந்த வகுப்பால் பலன் இல்லை. இதை நான் மிக உறுதியாக நம்புகிறேன்.

பேச்சா, எழுத்தா முதலில் என்ற கேள்வி தமிழ் படிப்பிக்கும் எல்லாருக்கும் வரும். பரீட்சையில் இரண்டும் உண்டு. எழுத்துத் தமிழைத் தொடாமல் விட முடியாது. நான் பேச்சில் தொடங்குகிறேன், எழுத்துக்குப் பிறகு போகிறேன். சிங்களவர்களுக்கு இதை விளங்கப்படுத்த நீண்ட விரிவுரை தேவையில்லை. அவர்களுடைய மொழியிலும் எழுத்துக்கும் பேச்சுக்கும் இதே தூரம் இருக்கிறது. "உங்கட பத்திரிகைச் சிங்களமும் வீட்டுச் சிங்களமும் போல" என்றால் தலையாட்டுவார்கள். மாணவரின் மொழியைக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு வகுப்புக்குப் போகவேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியாது.

சிங்களமும் தமிழும் வசன அமைப்பில் எவ்வளவு நெருக்கம் என்பதை நான் படிக்கப் போன பிறகே முறையாக அடுக்கிப் பார்த்தேன். எழுவாய், செயப்படுபொருள், வினை என்ற ஒழுங்கு இரண்டிலும் ஒன்று. "மட்ட படகினி" என்பவருக்கு "எனக்குப் பசி" புதிதல்ல. "மட்ட தேரெனவா" என்பவருக்கு "எனக்கு விளங்குது" புதிதல்ல. "மட்ட புளுவன்" என்பவர் "எனக்கு ஏலும்" என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொள்கிறார். ஆங்கிலம் வழியாகத் தமிழ் இலக்கணம் விளக்கும் புத்தகங்கள் இந்த வசன வகையைத் தனி அதிகாரமாக இழுக்கும். சிங்கள மாணவருக்கு அதை ஒரு பாடத்தில் முடித்துவிடலாம். அந்த நேரத்தை உண்மையான சிக்கலுக்குக் கொடுக்கலாம்.

உண்மையான சிக்கல் வினைமுடிவில் இருக்கிறது. பேச்சுச் சிங்களத்தில் நான் போனாலும், நீ போனாலும், அவர் போனாலும் "யனவா" ஒன்றுதான். தமிழில் போறன், போறீங்கள், போறார், போறா, போறாங்கள், போகுது. மாணவர்கள் ஒன்றைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் அதையே போடுவார்கள். "டொக்டர் இப்ப வருது" என்று ஒரு சாதுவான தாதி சொன்னால், கேட்கும் தமிழருக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். சொல்பவருக்கு அப்படி எண்ணமே இல்லை. வகுப்பில் இதை வெளிப்படையாகச் சொல்லி, நான், நீங்கள், அவர் என்ற மூன்றை மட்டும் முதல் மாதத்தில் உறுதியாக்குகிறேன். மற்றவை பிறகு வரட்டும். எழுத்தை வாசிப்பதிலும் ஒரு தடை உண்டு. சிங்களத்தில் வல்லொலிக்கும் மெல்லொலிக்கும் (கல்லின் "க", தங்கத்தின் "க" போல) தனித்தனி எழுத்து. தமிழில் ஒரே "க" காகத்திலும் தங்கத்திலும் பக்கத்திலும் வெவ்வேறு ஒலி தரும். சொல்லின் முதலில் எப்படி, இரட்டித்தால் எப்படி, மூக்கொலிக்குப் பின் எப்படி, இரண்டு உயிருக்கு நடுவே எப்படி என்று விதியாகக் கொடுத்தால் பெரியவர்கள் விரைவில் பிடிப்பார்கள். "கேட்டுக் கேட்டுப் பழகுங்கோ" என்று விடுவது அவர்களுக்கு அநியாயம்.

இந்த இடத்தில்தான் கையில் இரண்டு வகுப்பு இருந்ததன் பெறுமதி தெரிந்தது. தமிழ் வகுப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், பிழையெல்லாம் தாய்மொழியிலிருந்து வருகிறது என்ற முடிவுக்கே வரவேண்டும். சிங்களத்தில் வினைமுடிவு மாறாது, ஆகவே தமிழில் தடுமாறுகிறார்கள் என்று கணக்கு நேராக இருக்கிறது. ஆனால் மறுநாள் காலை பாடசாலையில் என் தமிழ்ப் பிள்ளைகள், "மை பிரதர் கோ டு ஸ்கூல்" என்கிறார்கள். இந்தப் பிள்ளைகளின் தாய்மொழியில் ஒவ்வொரு வினைக்கும் ஆள் முடிவு உண்டு. இருந்தும் ஆங்கிலத்தில் "கோஸ்" என்பதன் முடிவில் வரும் அந்த ஒற்றை "ஸ்" விழுந்துபோகிறது. தாய்மொழிக் கணக்கு இங்கே பொருந்தவில்லை. மொழியியலாளர்களான கோர்டர் 1967இலும், செலிங்கர் 1972இலும் எழுதியது எனக்கு அப்போதுதான் உறைத்தது. படிப்பவர் தனக்கென ஓர் இடைநிலை மொழியைக் கட்டிக்கொண்டே போகிறார், பிழைகள் அதன் விதிகளைக் காட்டுகின்றன. ஆய்வாளர்கள் டுலேயும் பேர்ட்டும் 1974இல் ஸ்பானிய, சீனப் பிள்ளைகளை வைத்துப் பார்த்தபோது, தாய்மொழி வேறாக இருந்தும் "இங்", "ஸ்" போன்ற ஆங்கில உருபுகள் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கைகூடின. அந்த "ஸ்" பிந்தி வரும் வகை. ஆகவே தரம் 6 பிள்ளையை அதற்காக வாட்டுவதில் பிரயோசனமில்லை. பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொன்னபோது சிலர் நம்பவில்லை. அவர்களைக் குறை சொல்லமாட்டேன், புள்ளித் தாளில் அந்த "ஸ்"ஸுக்குத்தான் சிவப்புக் கோடு விழுகிறது.

ஆய்வேட்டுத் தலைப்பும் இப்படி வகுப்பிலிருந்து வரவேண்டும். என் தலைப்பு பத்தாந்தர ஆங்கில வகுப்பில் வாய்மொழிப் பிழைகளை ஆசிரியர் எப்படித் திருத்துகிறார் என்பது. லிஸ்டரும் ராண்டாவும் 1997இல் கனடாவின் பிரெஞ்சு மொழி வகுப்புகளைப் பதிவுசெய்து, ஆறு வகைத் திருத்தங்களைப் பிரித்துக் காட்டினார்கள். மாணவர் பிழையாகச் சொன்னதை ஆசிரியரே சரியாக மாற்றிச் சொல்லிவிடுவதுதான் மிக அதிகம், 55 வீதம். ஆனால் அப்படிச் செய்தபோது மாணவர் அதற்கு ஏதாவது பதில் காட்டியது 31 வீதம் மட்டுமே. பிழையைச் சுட்டி, மாணவர் வாயிலிருந்தே சரியானதை வரவழைக்க முயன்றபோது ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு விதத்தில் பதில் வந்தது. நம் வகுப்பறைகளிலும் போக்கு அதுவே. ஆசிரியர் அழகாகத் திருத்திச் சொல்கிறார், பிள்ளை "யெஸ் மிஸ்" என்று உட்கார்ந்துவிடுகிறது.

இதை இரண்டு வகுப்பிலும் மாற்றிப் பார்த்தேன். "டொக்டர் வருது" என்றால், நான் "டொக்டர் வ...?" என்று நிறுத்திக் காத்திருப்பேன். மேரி பட் ரோ அமெரிக்க விஞ்ஞான வகுப்புகளில் பார்த்தது இங்கே உதவியது. ஆசிரியர்கள் கேள்வி கேட்டு ஒரு விநாடிகூடப் பொறுப்பதில்லை, மூன்று விநாடி பொறுத்தாலே பதில்கள் நீள்கின்றன. மூன்று விநாடி மௌனம் வகுப்பில் மிக நீளமாகத் தோன்றும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள். பெரியவர்களிடம் ஒரு கவனம் வேண்டும். ஒரு பொலிஸ் சார்ஜன்டைத் தன் கீழ் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு முன்னால் இப்படி நிறுத்திவைப்பது அவருக்கு மானப் பிரச்சினை. அவரிடம் சோடியாகப் பேசும்போது மட்டும் செய்வேன். இந்த நுணுக்கம் எந்தக் கட்டுரையிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பயிற்சி இரண்டு வகுப்பிலும் நன்றாக வேலை செய்கிறது, செலவும் இல்லை. ஒரே விஷயத்தை முதலில் ஒருவருக்கு நாலு நிமிடம் சொல்லவேண்டும், பிறகு வேறொருவருக்கு மூன்று நிமிடம், பிறகு இன்னொருவருக்கு இரண்டு நிமிடம். போல் நேஷன் எழுதியவற்றால் பரவலாக அறியப்பட்டது இது. மொழி வகுப்பின் நேரத்தை விளங்கிக் கேட்டல் வாசித்தல், கருத்தோடு பேசுதல் எழுதுதல், மொழிக்கூறுகளை நேராகப் படித்தல், தெரிந்ததை வேகமாகப் பாவித்தல் என்று நாலாகப் பிரிக்கச் சொல்பவர் அவர். நம் வகுப்புகளில் நாலாவது பங்கு முற்றாக இல்லை. ஒவ்வொரு நாளும் புதிய பாடம், நேற்றுப் படித்தது நாக்கில் ஓடுகிறதா என்று பார்க்க நேரமில்லை. "நேற்று வார்டில என்ன நடந்தது" என்பதை மூன்று தடவை சொன்ன தாதி, மூன்றாவது தடவை நின்று யோசிக்காமல் சொல்லும்போது அவர் முகத்தில் வரும் தெளிவுக்காகவே இதைச் செய்யலாம்.

படிக்கப் போகும் இடத்தில் உங்களுக்குக் கிடைக்கும் பெயர்களில் பெரும்பாலானவை தூர தேசத்தவை. நம் பக்கத்தவர்களைத் தேடிப் படியுங்கள். என். எஸ். பிரபு 1979 தொடக்கம் 1984 வரை பெங்களூர்த் திட்டத்தை நடத்தினார். தென்னிந்தியாவின் சாதாரணப் பாடசாலைகளில், ரயில் நேர அட்டவணை, வரைபடம் போன்றவற்றை வைத்துச் சிந்திக்க வைத்து, அதன் வழியே ஆங்கிலம் கொடுத்தது. நான் அதே முறையைத் திருகோணமலை பஸ் நிலையத்தை வைத்துச் செய்கிறேன். ஒருவர் கையில் மூதூர், கிண்ணியா பஸ் நேரங்கள், மற்றவர் கையில் குச்சவெளி, புல்மோட்டை நேரங்கள். "பின்னேரம் நாலு மணிக்குள்ள திரும்பி வரவேணும்" என்று ஒரு நிபந்தனை. கேட்காமல் விடை கிடைக்காது. குமாரவடிவேலு 1994இல், ஒரே ஒரு சிறந்த முறையைத் தேடுவதை விட்டு, ஆசிரியர் தன் சூழலிலிருந்து கோட்பாட்டை உருவாக்கவேண்டும் என்று எழுதினார். யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த சுரேஷ் கனகராஜா, போர்க் காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் படிப்பித்தவர். மாணவர்கள் அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் கிறுக்கியவற்றைக்கூட அவர் ஆய்வுச் சான்றாக எடுத்தார். அதைப் படித்த பிறகு நான் பிள்ளைகளின் கொப்பி ஓரங்களைப் பார்க்கத் தொடங்கினேன். அங்கே தமிழில் எழுதிவைத்த அர்த்தங்கள், என்னிடம் கேட்காத கேள்விகள் எல்லாம் இருந்தன.

ஆய்வைத் தொடங்குபவர்களுக்கு நடைமுறையில் சில சொல்லவேண்டும். அனுமதிக் கடிதங்களை முதலாம் வருடமே தொடங்குங்கள். வலயக் கல்வி அலுவலகம், அதிபர், பெற்றோர், பல்கலைக்கழகத்தின் ஒழுக்கநெறிக் குழு என்று ஒன்றன்பின் ஒன்றாக நகரும், ஒன்று தாமதித்தால் தவணை முடிந்துவிடும். பதிவுக்குக் கைத்தொலைபேசி போதும், ஆனால் மின்விசிறிக்குக் கீழே வைக்காதீர்கள். பதிவு முழுவதையும் எழுத்தாக்க நினைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும். உங்கள் கேள்விக்குரிய பகுதிகளை மட்டும், முன்னும் பின்னும் சில வரிகளோடு எழுதுங்கள். மேற்பார்வையாளரிடம் வெறுங்கையோடு போகாதீர்கள், ஒரு பக்கமாவது எழுதிக்கொண்டு போங்கள். தமிழ்ப் பேச்சை ஆங்கில எழுத்தில் தருவதற்கு ஒரே ஒழுங்கை முதல் நாளே தீர்மானியுங்கள்.

தலைப்புத் தேடி அலைபவர்களுக்கு இந்த மாவட்டத்திலேயே வேலை காத்திருக்கிறது. சிங்கள உத்தியோகத்தர்களின் பேச்சுத் தமிழில் வினைமுடிவுகள் எந்த வரிசையில் கைகூடுகின்றன என்று ஒரு வருடம் தொடர்ந்து பார்த்தவர்கள் எனக்குத் தெரிந்து இங்கே இல்லை. மூதூர்ப் பிள்ளைகள் இரண்டாம் தேசிய மொழியாகச் சிங்களம் படிக்கும் வகுப்பில் உண்மையில் எவ்வளவு சிங்களம் பேசப்படுகிறது என்பதைப் பதிவுசெய்யலாம். கிண்ணியாவின், தம்பலகாமத்தின் பேச்சை வைத்துக் கேட்டல் பயிற்சிகள் உருவாக்கி, அவற்றைக் கிளினிக்கில் வேலை செய்பவர்களோடு சோதிக்கலாம். வாய்மொழிப் பரீட்சையில் பேச்சுத் தமிழுக்கு எப்படிப் புள்ளியிடுவது என்பதற்கான அளவுகோலே ஒரு முழு ஆய்வேடு. இதில் எதை எடுத்தாலும், மாணவர்கள் அனுமதி தந்திருக்கும் என் வகுப்புப் பதிவுகளை நான் தருவேன், முதல் சில வாரங்கள் உங்களோடு பின்வரிசையில் இருந்து குறிப்பும் எடுப்பேன்.